வாடகையில்லாத வனவாசம்

வனவாசம் என்றால் நம் மனத்தில் முதலில் தோன்றுவது தண்டனைதான். இராமனுக்குப் பதினான்கு ஆண்டுகளும் பாண்டவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் விதிக்கப்பட்டது அது. நாட்டை இழந்தவன் சேரும் இடமாகவே காட்டைக் கதைகள் நமக்குக் காட்டின. அமெரிக்க நாட்டிலோ வனவாசம் தண்டனையன்று; உரிமை. அங்குள்ள தேசிய வனங்களில் பெரும்பாலானவற்றில், எவரும் ஒரு காசும் செலுத்தாமல் தமக்குப் பிடித்த மரத்தடியில் கூடாரமடித்துத் தங்கலாம். அதற்கு விதித்துள்ள காலவரம்பும் பதினான்குதான். ஆண்டுகள் அல்ல, நாட்கள்!

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழும் நமக்கு இச்செய்தியால் என்ன பயன் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுள் பலர் நம்மையும் விட்டுக் கடல் கடந்து போயிருக்கிறார்கள். கோடை வந்தால் பேரக் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோர் விமானம் ஏறுவது இன்று நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், "நாளை இரவு காட்டில் தங்கப் போகிறோம், அப்பா" என்று மகன் சொன்னால் திகைப்பு உண்டாவது இயல்பே. கதவில்லை, காவலனில்லை, குழாயில்லை, கழிப்பறையில்லை. இது என்ன இன்பம் என்ற கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். இப்படியோர் உரிமையை ஒரு நாடு எவ்வாறு தன் மக்களுக்குக் கொடுத்தது, அது எதனால் நிலைக்கிறது என்று ஆராய்வது இரண்டாவது நோக்கம்.

பூங்கா வேறு, வனம் வேறு

அமெரிக்காவின் தேசியப் பூங்காவும் தேசிய வனமும் ஒன்றல்ல. யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் முதலிய பூங்காக்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ளவை. அவற்றில் இரவு தங்குவதற்கு இடம் குறிக்கப்பட்டிருக்கும். முன்பதிவும் கட்டணமும் அனுமதிச் சீட்டும் உண்டு. தேசிய வனங்களோ வேளாண்மை அமைச்சகத்தைச் சேர்ந்த வனத்துறையின் பொறுப்பில் உள்ளன. மரம் வெட்டுதல், கால்நடை மேய்த்தல், வேட்டையாடுதல், மீன்பிடித்தல், உலாவுதல் ஆகிய பல பயன்களுக்கும் உரியவை அவை. 154 தேசிய வனங்களும் அவற்றோடு சேர்ந்த புல்வெளிகளுமாக அத்துறையின் கையில் இருப்பது சுமார் 19.3 கோடி ஏக்கர். மிகுதியும் மேற்கு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. இதற்கு மேல், நில மேலாண்மைத் துறை என்னும் மற்றோர் இலாகாவிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர் பாலையும் புல்வெளியும் உண்டு. அங்கும் ஏறக்குறைய இதே வழக்கந்தான்.

வனத்துறை அமைத்துள்ள முகாம் திடல்களில் மேசையும் அடுப்பும் குடிநீரும் கிடைக்கும். பலவற்றில் அதற்குக் கட்டணமும் உண்டு. அத்திடல்களுக்கு வெளியே, எந்த வசதியுமில்லாத இயற்கையான இடத்தில் தங்குவதை "டிஸ்பர்ஸ்டு கேம்பிங்" என்கிறார்கள். சிதறித் தங்குதல் என்று நாம் அதைச் சொல்லலாம். ஒரே இடத்தில் நெருங்காமல் காடெங்கும் மக்கள் பரவித் தங்குவதால் வந்த பெயர் அது. வசதி ஒன்றும் தரப்படாததால் வாடகையும் வாங்கப்படுவதில்லை. கொடுக்கல் வாங்கல் கணக்கு அத்துடன் நேராகிவிடுகிறது.

இந்தியாவிலிருந்து போன பாடம்

இவ்வனங்களின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வனங்களை ஒதுக்கி வைக்கும் அதிகாரம் பெற்றார். 1905இல் தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தில் வனத்துறை உருவாயிற்று. அதன் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ. இவர் இளைஞராக ஐரோப்பாவுக்கு வனவியல் கற்கச் சென்றபோது, இவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். பிராண்டிஸ் வேறு யாருமல்லர். பர்மாவின் தேக்குக் காடுகளை நிர்வகித்தவர். 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாக அமர்ந்தவர். நம் காடுகளில் அவர் பெற்ற அனுபவமே, ஓய்வுக்குப் பின் அமெரிக்க மாணவனுக்குப் பாடமாயிற்று.

குரு ஒருவரே. ஆனால் விளைவுகள் இரண்டு. அமெரிக்காவில் வனம் பொதுமக்களின் சொத்து என்ற எண்ணம் வேரூன்றியது. இந்தியாவிலோ அன்னிய ஆட்சி வனத்தை அரசாங்கத்தின் சொத்தாகவே கருதிற்று. இரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டும். அதற்காகக் காட்டைக் கிராமத்தாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது அன்றைய நியாயம். நம் சென்னை அரசாங்கம் அக்காலத்திலேயே இதற்கு மறுப்புத் தெரிவித்தது குறிப்பிடத்தக்கது. காடுகளில் கிராம மக்களுக்குத் தொன்றுதொட்டு உரிமைகள் உண்டு என்று அது வாதாடிற்று. எனினும் 1882இல் சென்னை வனச் சட்டமும், 1927இல் இந்திய வனச் சட்டமும் வந்தன. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பது இன்றும் சட்டம்.

அமெரிக்க உரிமையும் களங்கமற்றதன்று. அவ்வனங்களுள் பெரும்பகுதி, அங்கே வழிவழியாக வாழ்ந்த பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்ட மண். இன்று எல்லோருக்கும் பொது என்று சொல்லப்படும் நிலத்தில், நேற்று யாருடைய அடுப்பு எரிந்தது என்பதையும் நினைவில் வைப்பதே நேர்மை.

எங்கே, எத்தனை நாள்

காடெங்கும் தங்கலாம் என்பதற்குக் கண்ட இடத்தில் தங்கலாம் என்று பொருளல்ல. முதல் வேலை, அந்தந்த வனத்தின் சரக அலுவலகத்தை விசாரித்தல். எந்தச் சாலையில் வண்டி போகலாம், சாலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிறுத்தலாம் என்பதைக் காட்டும் வரைபடம் அங்கே இலவசமாகவே கிடைக்கும். ஓர் இடத்தில் தங்கும் காலம் பெரும்பாலான வனங்களில் 14 நாட்கள். சிலவற்றில் அதனினும் குறைவு. அதன்பின் வேறிடம் பெயர வேண்டும். காட்டை எவரும் குடியிருப்பாக்கிக் கொள்ளக் கூடாது என்பதே இதன் கருத்து. ஆயினும் வீட்டு வாடகை கொடுக்க இயலாத ஏழை அமெரிக்கர் பலர், காரிலும் கூடாரத்திலும் இவ்வனங்களிலேயே நாட்களைக் கழிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஒருவருக்கு விடுமுறையாயிருப்பது இன்னொருவருக்கு மெய்யான வனவாசமாயிருக்கிறது.

கிராண்ட் கேன்யனைக் காணச் செல்வோர் அதன் எல்லையை ஒட்டிய கைபாப் தேசிய வனத்தில் இவ்வாறு தங்குவதுண்டு. பாஸ்டன் நகரத்தாருக்கு நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலை வனமும், வாஷிங்டன் நகரத்தாருக்கு வர்ஜீனியாவின் ஜார்ஜ் வாஷிங்டன் வனமும், சியாட்டிலில் வசிப்போருக்கு மவுண்ட் பேக்கர்-ஸ்னோகுவால்மி வனமும் அருகிலுள்ளவை. மக்கள் மிகுதியாகக் கூடும் சில பகுதிகளில் குறித்த இடங்களில் மட்டுமே தங்கலாம் என்ற கட்டுப்பாடு வந்துவிட்டது. வேட்டைப் பருவத்தில் காட்டுக்குள் நடப்போர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிவது உயிர்க்காப்பு.

குளிரையும் எளிதாக எண்ணக் கூடாது. கைபாப் வனத்தின் தென்பகுதி சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் காய்ந்தாலும் அக்டோபர் இரவில் நீர் உறையக்கூடும். சென்னை மார்கழியை நினைத்து ஒரு சால்வையுடன் போவது ஆபத்து. பல இடங்களில் கைபேசி வேலை செய்யாது. ஆகவே எங்கே போகிறோம், என்றைக்குத் திரும்புவோம் என்பதை ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் மருந்தை இரண்டு நாட்களுக்கு மிகையாகவே எடுத்துச் செல்லுதல் நலம்.

நம் வழக்கமும் காட்டின் வழக்கமும்

நம்மவர் அங்கே அறிந்து நடக்க வேண்டிய காரியங்கள் சில உண்டு. நம் இல்லங்களில் நல்லொழுக்கமாகக் கருதப்படுவனவே சில வேளை அங்கே தீங்காகிவிடும்.

காக்கைக்குச் சோறு வைப்பது நம் மரபு. மிஞ்சிய உணவை எறியாமல் ஏதேனும் ஒரு பிராணிக்கு இடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கக் காட்டில் அப்புண்ணியம் பாவமாகும். மனிதன் இட்ட உணவை ஒரு முறை சுவைத்த கரடி, மறுபடியும் கூடாரங்களைத் தேடி வரும். கார்க் கதவைப் பிய்க்கும். இறுதியில் மனிதருக்கு ஆபத்து என்று முடிவு செய்து அதிகாரிகளே அதைக் கொல்ல நேரும். நாம் இட்ட ஒரு கவளம் அதன் உயிரைப் பறித்துவிடுகிறது. எனவே உணவையும், சோப்பு, பற்பசை முதலிய மணமுள்ள பொருள்களையும் கூடாரத்துக்குள் வைத்துக் கொள்ளலாகாது. கரடி திறக்க முடியாத பெட்டியில் அடைத்துத் தூரத்தில் வைக்க வேண்டும். தாளித்த குழம்பின் மணம் நமக்கு மட்டுமே பசியைத் தூண்டுவதில்லை. சமையல் இடமும் படுக்கை இடமும் நன்கு விலகியிருக்க வேண்டும்.

ஆற்றில் இறங்கிச் சோப்புத் தேய்த்துக் குளிப்பதும், துணி துவைப்பதும், பாத்திரம் துலக்குவதும் நமக்குப் பழக்கம். அங்கே இவை கூடா. நீரை முகந்து கரையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 70 எட்டு, தள்ளிக் கொண்டு வந்து உபயோகித்து மண்ணிலேயே ஊற்ற வேண்டும். கூடாரமும் அதே தூரத்தில் இருத்தல் நன்று. இரவில் நீர் அருந்த வரும் விலங்குகளின் வழியை நாம் மறிக்கலாகாதன்றோ?

கழிப்பறை இல்லாத இடத்தில் என் செய்வது? கிராமத்தில் பிறந்த நம் தாத்தா பாட்டிமாருக்கு இது கேள்வியே அன்று. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 200 அடி விலகி, சிறு மண்வெட்டியால் 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, பின்னர் மண்ணிட்டு மூடிவிட வேண்டும். அந்த ஆழத்து மண்ணில்தான் நுண்ணுயிர்கள் மிகுந்து, கழிவை விரைவில் மக்கச் செய்கின்றன. காகிதத்தையும் குழந்தைகளின் அணையாடையையும் புதைக்காமல் பையிலிட்டு ஊருக்கே எடுத்துச் செல்வது முறை.

ஓடைநீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். தெளிவு தூய்மைக்குச் சான்றன்று. ஜியார்டியா என்ற கிருமி அந்நீரில் இருந்து நெடுநாள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நீர் நன்கு கொதித்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். 6,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம். உயரம் கூடக்கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால்தான் இக்கூடுதல் நேரம்.

நெருப்பு என்னும் நம்பிக்கை

இவை யாவற்றினும் பெரிய பொறுப்பு நெருப்பு. அமெரிக்காவில் எழும் காட்டுத் தீக்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை மனிதரால் மூள்பவை. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இடாஹோ, மொன்டானா, வாஷிங்டன் மாநிலங்களில் இரண்டே நாட்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து போயிற்று. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தீயை அணைக்கச் சென்ற தொழிலாளர். பிறந்து ஐந்தே ஆண்டான வனத்துறையின் போக்கை அத்தீ மாற்றி அமைத்தது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2017 செப்டம்பரில் ஒரிகன் மாநிலத்துக் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், 15 வயதுச் சிறுவன் ஒருவன் வறண்ட காட்டில் ஒரு பட்டாசை எறிந்தான். நாற்பத்தெட்டாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. மலைப் பாதையில் சென்றிருந்த சுமார் 150 பேர் கீழே வர வழியின்றி இரவு முழுவதும் காட்டில் சிக்கிக் கிடந்து மறுநாள் மீண்டனர். அச்சிறுவன் 3.66 கோடி டாலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2018இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொகையை அவன் வாழ்நாளில் செலுத்த இயலாது என்பது யாவருக்கும் தெரியும். தவணை முறைக்கும் தீர்ப்பில் இடமிருந்தது. ஆயினும் ஒரு விளையாட்டின் விலை இவ்வளவு என்று சமூகம் கணக்கிட்டுச் சொன்னது.

ஆதலால் வறட்சிக் காலங்களில் தீ மூட்டவே தடை விதிக்கப்படும். கலிபோர்னியாவில் காட்டில் அடுப்பு மூட்டவும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். சீட்டு இலவசம், ஆனால் விதிகளைப் படித்த பின்னரே கிடைக்கும். தீயை அணைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நீரூற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் அது அணையவில்லை. அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு இரவெல்லாம் உறங்கும் என்பதை நம் பாட்டிமார் நன்கறிவர். அந்த அறிவே அங்கும் வேண்டுவது.

நம் நாட்டில் ஏன் இல்லை?

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கத் தேசிய வனங்களின் பரப்பு சுமார் 7.8 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வனம் என்று அரசுப் பதிவேடுகளில் உள்ள நிலம் சுமார் 7.75 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரே அளவு! ஆனால் அங்கே மக்கள் தொகை சுமார் 34 கோடி. இங்கே 140 கோடிக்கு மேல். நம் காட்டுக்குள்ளேயே கிராமங்கள் இருக்கின்றன. விறகுக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பி வாழ்வோர் ஏராளம். அவர்களுடைய உரிமையையே 2006ஆம் ஆண்டுச் சட்டந்தான் முறையாக ஏற்றது. அவர்கள் உரிமை நிலைபெறாத இடத்தில், நகரத்திலிருந்து பொழுதுபோக்கச் செல்லும் நாம் கட்டற்ற உரிமை கேட்பது நியாயமாகாது. யானையும் புலியும் நடமாடும் காட்டில் கூடாரமடிப்பது அறிவுடைமையும் ஆகாது.

காட்டில் இரவு கழிப்பது நமக்குப் புதிதன்று. இருமுடி தாங்கி எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்கு நடக்கும் ஐயப்ப பக்தர்கள் காட்டு வழியில் இரவு தங்கியவர்களே. ஆனால் கூட்டம் பெருகப் பெருக, பக்தியின் சுவட்டோடு பிளாஸ்டிக்கின் சுவடும் காட்டில் பதிந்தது. வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பக்தர்களின் பைகளை வனத்துறையினர் சோதிக்க வேண்டிய நிலை வந்ததும் இதனாலேயே. தில்லி அன்பர்கள் விரும்பிச் செல்லும் உத்தராகண்டத்தில், பனிமலைக்குக் கீழுள்ள "புக்யால்" என்னும் புல்வெளிகளில் கூடாரங்கள் பெருகி மண் சிதைந்ததால், அங்கே இரவு தங்குவதை 2018 ஆகஸ்டில் அம்மாநில உயர்நீதிமன்றம் தடை செய்தது. மலர்ப் பள்ளத்தாக்கிலும் பகலில் சென்று மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

அதே 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாளைத் தமிழகம் மறக்க இயலாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற இளைஞர் குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களிலிருந்து விடுமுறை நாளைக் கழிக்கச் சென்றவர்கள் அவர்கள். அதன்பின் மலைப் பயணத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு செல்லும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. வழிகாட்டிகளுள் மலைவாழ் இளைஞரும் உண்டு. நம் நாட்டுக்கு ஏற்ற முறை இதுவே எனலாம். காட்டை அறிந்தவன் முன்னே நடக்க, அறியாதவன் அவன் பின்னே செல்வது அது.

விலைக்கு வந்த பொதுவுடைமை

அமெரிக்க உரிமையும் எந்நாளும் நிலைக்கும் என்று கொள்வதற்கில்லை. 2025 ஜூன் மாதத்தில், மேற்கு மாநிலங்களிலுள்ள பொது நிலங்களுள் 20 முதல் 30 லட்சம் ஏக்கர் வரை விற்க வேண்டும் என்ற ஏற்பாடு செனட் சபையின் வரவு செலவு மசோதாவில் புகுத்தப்பட்டது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். வேட்டைக்காரரும் மீன்பிடிப்போரும் மலையேறுவோரும், கட்சி வேற்றுமை பாராமல் எதிர்த்தனர். அம்மாத இறுதியிலேயே அது கைவிடப்பட்டது. ஒரே ஒரு நாளேனும் அக்காட்டில் படுத்துறங்கிய நினைவுடையோர் நாட்டில் ஏராளமாக இருந்ததே அதற்குத் துணை நின்றது. தாம் கால் வைத்திராத இடத்துக்காக யார் அவ்வளவு உரக்கப் பேசுவர்?

நாட்டின் அரண்களுள் காட்டையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். அரணைக் காப்பவர் காவலாளர் மட்டும் அல்லர். அமெரிக்க வனத்தில் காவலன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பதில்லை. குழியை மூடுவதும் கங்கை அணைப்பதும் குப்பையைச் சுமந்து திரும்புவதும் பார்ப்பவர் எவருமின்றிச் செய்யப்படும் காரியங்கள். அவற்றைப் பெரும்பாலோர் செய்கிற வரையில்தான் வாடகையில்லாத வனவாசம் நிலைக்கும். செய்யாத இடங்களில் வேலியும் கட்டணமும் வந்துகொண்டேயிருக்கின்றன.

இவ்வாண்டு கடல் கடந்து செல்லும் பெற்றோர், பிள்ளைகள் அழைத்தால் அஞ்சாமல் ஓரிரவு சென்று வரலாம். கம்பளியும் மருந்தும் சிறு மண்வெட்டியும் மறவாதிருக்கட்டும். இங்கேயே இருப்போர், அடுத்த முறை சபரிமலைக்கோ இமயச் சாரலுக்கோ புறப்படும்போது, கொண்டு போகும் பொருள்களின் பட்டியலோடு திரும்பக் கொண்டு வர வேண்டியவற்றின் பட்டியலையும் எழுதிக் கொள்வார்களாக.